ஆறு எண்ணில் வந்த தகராறு!

சாயங்காலம் ஆறரை மணி. வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம். மேற்கு மாம்பலமோ, பெரம்பூரோ, சைதாப்பேட்டையோ, எந்தத் தெரு என்று வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மளிகைக்கடை. கல்லாவில் அண்ணாச்சி. பழைய செல்போன் கீழே விழுந்து நொறுங்கிவிட்டது. புதுப் போன் வாங்கியாச்சு. சிம்மை எடுத்துப் போட்டாச்சு. வாட்ஸ்அப்பையும் ஏற்றியாச்சு. தன் நம்பரை அடிக்கிறார். "ஆறு எண் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடு" என்கிறது போன்.

எண் வரவில்லை!

கடைப் பையன் எட்டிப் பார்க்கிறான். "இன்னொரு தடவை அமுக்குங்க அண்ணாச்சி!" அமுக்குகிறார். வரவில்லை. மறுபடி அமுக்குகிறார். அதற்கும் வரவில்லை. நாலாவது தடவை, "இப்போது முடியாது, நேரம் கழித்து வா" என்று போன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இதற்குள் எதிர் அபார்ட்மென்ட்டில் இருந்து ரெண்டு கிலோ துவரம்பருப்பும் ஒரு லிட்டர் நல்லெண்ணெயும் கேட்டு லிஸ்ட் அனுப்பிய அம்மா, பதில் இல்லையே என்று அடுத்த கடைக்குப் போயாச்சு.

இது ஒரு தகராறு. இன்னொன்று இதற்கு நேர்மாறு. கேட்காமலே எண் வந்து நிற்கும். பின்னாலேயே தெரிந்த ஆள் பெயரில் ஒரு சேதி வரும். "அண்ணே, என்னோட ஆறு எண் தவறிப்போய் உங்க போனுக்கு வந்திடுச்சு. கொஞ்சம் சொல்லுங்களேன்." பாவம், அவருக்கு என்ன அவசரமோ என்று சொன்னால் தீர்ந்தது கதை. அடுத்த நிமிடம் வாட்ஸ்அப் கையில் இல்லை. எவனோ ஓர் ஆசாமி அதற்குள் உட்கார்ந்துகொண்டு, "அவசரம், ஐயாயிரம் அனுப்பு" என்று மைத்துனருக்கும் மொத்த வியாபாரிக்கும் சேதி விட்டுக்கொண்டிருப்பான்.

எண் வராமல் தவிப்பவர் ஒருவர். வந்த எண்ணைக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர் இன்னொருவர். பார்த்தால் வேறு வேறு வியாதி மாதிரி இருக்கும். வேர் ஒன்றுதான். இந்த ஆறு எண் என்ன வேலை செய்கிறது என்பதை யாரும் யாருக்கும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆளும் இல்லை. அந்த இருட்டில்தான் திருடன் புகுகிறான்.

எண் என்ன சொல்கிறது?

வாட்ஸ்அப்புக்கு அண்ணாச்சியைத் தெரியாது. அவர் முகம் தெரியாது, கடை தெரியாது, முப்பது வருஷ வியாபாரம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே விஷயம். இந்த நம்பருக்கு அனுப்பிய எண் இந்த ஆளிடம் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் அவர்தான் சொந்தக்காரர். போலீஸ்காரர் வந்து சாட்சி சொன்னாலும் அதற்கு வேறு கணக்கு கிடையாது.

அதனால், எண் வருகிற சிம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கடைச் சாவி இருக்கிறது. எண்ணை வாய்விட்டுச் சொன்னால் சாவியைத் தூக்கிக் கொடுத்த மாதிரி.

சரி, ஏன் வரவில்லை?

பெரும்பாலும் காரணம் சில்லறை விஷயம்தான். ரீசார்ஜ் தீர்ந்து நாள் கடந்த சிம். சிக்னல் இல்லாத உள்கடை. +91 போட்ட பிறகு, பழைய டெலிபோன் பழக்கத்தில் ஒரு பூஜ்யம் சேர்த்து அடித்த நம்பர். ஓர் இலக்கம் மாறிப்போய், எண் யாரோ முகம் தெரியாதவர் போனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்! போனில் தேதியும் மணியும் தப்பாக ஓடினாலும் தகராறு வரும். சில போன்களில் சேதி வந்திருக்கும், ஆனால் "ஸ்பேம்" என்ற குப்பைக்கூடைக்குள் கிடக்கும். பழைய போனில் வாட்ஸ்அப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், எண் அந்தப் போனிலேயே வாட்ஸ்அப்புக்குள் வந்து உட்கார்ந்திருப்பதும் உண்டு. பரணில் தூக்கிப் போட்ட போனை எடுத்துப் பார்ப்பது நல்லது.

சிம் தொலைந்து கம்பெனியில் டூப்ளிகேட் சிம் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புது சிம் ஓட ஆரம்பித்ததில் இருந்து 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். நிறுத்தி வைக்கப்படும். இது கோளாறு அல்ல. அடுத்தவர் நம்பரில் திருட்டுத்தனமாக சிம் வாங்கி பேங்க் பணத்தைச் சுருட்டுகிறவர்களைத் தடுக்கப் போட்ட பூட்டு. அந்த ஒரு நாளும் எத்தனை தடவை அமுக்கினாலும் எஸ்.எம்.எஸ். எண் வராது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? அமுக்கிக்கொண்டே இருப்பதுதான் மகா தப்பு. ஒவ்வொரு அமுக்கலுக்கும் காத்திருக்கும் நேரம் கூடும். எண்ணைக் குத்துமதிப்பாகப் போட்டுப் பார்த்தால் கதவே சாத்திக்கொள்ளும். ஒரு தடவை கேட்டுவிட்டு, திரையில் ஓடும் நேரம் முடியும் வரை போனைக் கீழே வைத்துவிட வேண்டும். அது முடிந்ததும், "போனில் கூப்பிட்டுச் சொல்லு" என்ற வசதி தலைகாட்டும். அதை அமுக்கினால் ஒரு மெஷின் குரல் கூப்பிட்டு எண்ணை வாசிக்கும். எஸ்.எம்.எஸ். வராத பல பேருக்கு இது வந்துவிடுகிறது. இரண்டு மூன்று எண் வந்து குவிந்திருந்தால், கடைசியாக வந்ததைப் போட வேண்டும்.

மெஷின் குரல் எண்ணைச் சொல்லும். ஒருபோதும் கேட்காது! எண்ணைக் கேட்டு ஒரு மனிதக் குரல் வந்தால் அது கம்பெனி இல்லை.

ரொம்பப் பழைய போன் வைத்திருப்பவர்களுக்கு எண் வந்தும் பயன் இல்லை. 2025 ஜனவரியோடு ஆண்ட்ராய்டு 4.4 போன்களில் வாட்ஸ்அப் நிறுத்தப்பட்டது. நண்பன் அனுப்பினான் என்று கலர் கலராக ஏதோ டூப்ளிகேட் வாட்ஸ்அப்பை ஏற்றியவர்கள் நம்பருக்கே தடை விழுவதும் உண்டு. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அசலை ஏற்ற வேண்டும்.

ஆறும் ஆறும்

படித்தவர்களே தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஆறு எண் ஒன்று அல்ல, இரண்டு!

ஒன்று, கம்பெனி அனுப்புவது. ஒவ்வொரு தடவையும் மாறும். இன்னொன்று, சொந்தக்காரர் தானே எப்போதோ வைத்த "பின்" நம்பர். அது மாறாது. இரண்டுக்கும் இலக்கம் ஆறுதான். இப்படி ஒரே அளவில் இரண்டு சாவி செய்த புண்ணியவான் யாரோ!

திரை "பின்" கேட்கும். மனுஷன் எஸ்.எம்.எஸ்.ஸில் வந்ததைப் போடுவார். தப்பு என்று வரும். மறுபடி எஸ்.எம்.எஸ். கேட்டு அதைப் போடுவார். தப்பு! "எண் சரியாத்தானே போடுறேன், என்னய்யா இது?" என்று கத்துவார். எண் சரிதான், போட்ட பூட்டுதான் வேறு.

பின்னை மறந்தவர்களுக்கு, அதை வைக்கும்போது இ-மெயில் கொடுத்திருந்தால் அந்த வழியில் மாற்றிக்கொள்ளலாம். கொடுக்கவில்லை என்றால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். இ-மெயில் கொடுத்தேன் என்பவர்களிலும் ஒரு சங்கதி உண்டு. மொபைல் கடைத் தம்பி ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு போனைத் தயார் செய்தபோது, அவசரத்துக்கு ஏதோ ஓர் இ-மெயிலைத் திறந்து போட்டிருப்பான். அதன் பாஸ்வேர்டு அவனுக்கும் ஞாபகம் இருக்காது.

சிம் யார் பெயரில்?

இதுதான் பெரிய கண்டம். நகரத்தில் எத்தனையோ வியாபாரிகள் போர்டிலும் பில்லிலும் அச்சடித்து வைத்திருக்கிற நம்பர் அவர்கள் பெயரில் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் பஸ் நிலையத்தில் குடைக்குக் கீழே விற்ற ஆளிடம் வாங்கியது. யார் பெயரில் கொடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. அல்லது அக்கா மகன் தன் பேப்பரைக் கொடுத்து வாங்கித் தந்தது. அவன் இப்போது துபாயில்!

போன் நன்றாக ஓடும் வரை இது ஒன்றும் தெரியாது. சிம் தொலைந்த அன்றுதான் தெரியும். டூப்ளிகேட் சிம் கேட்டு ஆதாரோடு போனால், "நம்பர் உங்க பேர்ல இல்லையே சார்" என்பார்கள். பெயருக்கு உரியவர் வராமல் சிம் கிடைக்காது. சிம் இல்லாமல் எண் வராது. எண் இல்லாமல் வாட்ஸ்அப் இல்லை. பத்து வருஷம் தெரு முழுக்கப் பரப்பிய நம்பர் ஒரே நாளில் போச்சு.

ரீசார்ஜ் செய்யாமல் கிடப்பில் போட்ட நம்பருக்கும் ஆபத்து உண்டு. நிறுத்தப்பட்ட நம்பரைக் குறைந்தது 90 நாளுக்கு வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது விதி. 90 நாள் கழிந்தால் கொடுக்கலாம்! 2023 நவம்பரில் இந்த விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்கே போனது. பழைய நம்பர் புது ஆளிடம் போகும்போது அந்தரங்கம் என்ன ஆவது என்பது கேள்வி. கம்பெனிகள் காலியான நம்பரை மறுபடி விற்பதைத் தடுக்க முடியாது, தன் வாட்ஸ்அப் விவரங்களை முன்கூட்டியே அழித்துக்கொள்வது சந்தாதாரர் பொறுப்பு என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. 45 நாள் ஓடாமல் கிடந்த கணக்கு வேறு போனில் உயிர் பெற்றால், பழைய விவரங்களை வாட்ஸ்அப் அழித்துவிடுகிறது என்பது ஓர் ஆறுதல். ஆனால் அந்த நம்பர் பழைய வாடிக்கையாளர்களின் போனில் இன்னமும் அண்ணாச்சி பெயரில்தான் இருக்கும். அவர்கள் அனுப்புகிற லிஸ்ட் யாருக்குப் போகும்?

ஆகவே நம்பரை மாற்றுகிறவர்கள் சிம்மைக் குப்பையில் போடுவதற்கு முன்னால், வாட்ஸ்அப்பிலேயே "நம்பர் மாற்று" என்று இருப்பதைச் செய்துவிட வேண்டும். சிம் அடுத்தவர் பெயரில் இருந்தால், அந்த ஆள் ஊருக்கு வரும்போது கையோடு அழைத்துக்கொண்டு போய்ப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். தன் பெயரில் எத்தனை நம்பர் இருக்கிறது என்று பார்க்க, மத்திய அரசின் "சஞ்சார் சாத்தி" தளத்தில் 2023 முதல் வசதி இருக்கிறது. முன்பின் தெரியாத நம்பர் அதில் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

பலே கில்லாடி!

திருடன் செய்வதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. தன் போனில் வாட்ஸ்அப்பை ஏற்றி, அண்ணாச்சியின் நம்பரை அடிக்கிறான். எண் அண்ணாச்சிக்குப் போகிறது. அதை எப்படியாவது வாங்க வேண்டும். அதற்கு ஒரு முகமூடி தேவை. அண்ணாச்சியின் கூட்டாளி ஒருவருடைய வாட்ஸ்அப்பை ஏற்கெனவே பிடித்து வைத்திருப்பான். அதில் இருந்துதான் கேட்பான். அதனால்தான் சந்தேகம் வருவதில்லை. கூட்டாளிக்கு ஒரு போன் போட்டு, "நீயாப்பா கேட்டே?" என்று விசாரித்தால் குட்டு உடைந்துவிடும். யார் கேட்கிறார்கள்!

முன்பெல்லாம் இன்னொரு தந்திரம் செய்தார்கள். "பார்சல் வந்திருக்கு சார், இந்த நம்பரை அடிங்க" என்று நட்சத்திரம், 401, நட்சத்திரம், பிறகு ஒரு செல் நம்பர் என்று அடிக்க வைப்பார்கள். அடித்தால் வருகிற கால் எல்லாம் திருடன் போனுக்குத் திரும்பிவிடும். மெஷின் குரல் எண்ணை அவனிடமே வாசிக்கும்! இப்படி எண்களை அடித்து காலைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கச் சொல்லி டெலிபோன் கம்பெனிகளுக்கு மத்திய அரசு உத்தரவு போட்டது.

இன்டர்நெட்டில் "வாட்ஸ்அப் கஸ்டமர் கேர்" என்று தேடுவது இன்னும் மோசம். எண் வரவில்லையே என்ற பதற்றத்தில் தேடுவார்கள். பத்து இலக்க செல் நம்பர் ஒன்று கிடைக்கும். கூப்பிட்டால் ரொம்ப மரியாதையாகப் பேசுவான். "சார், இப்ப ஓர் எண் வரும், அதை மட்டும் சொல்லுங்க." எண் வராமல் தவித்தவர், எண் வந்துவிட்ட சந்தோஷத்தில் ஒப்பிப்பார்! மேலே சொன்ன இரண்டு தகராறும் கைகோத்துக்கொள்கிற இடம் இதுதான்.

ஏழு நாள் கதவடைப்பு

எண்ணைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது? அழுதுகொண்டு உட்காரக் கூடாது. உடனே தன் போனில் தன் நம்பரை மறுபடி அடிக்க வேண்டும். புது எண் தன் சிம்முக்குத்தான் வரும். அதைப் போட்ட கணமே திருடன் வெளியே தள்ளப்படுவான். சிம் கையில் இருக்கும் வரை சொந்தக்காரர் பக்கம்தான் பலம்.

ஆனால் திருடனும் லேசுப்பட்டவன் அல்ல. உள்ளே போனதும் தன் இஷ்டத்துக்கு ஒரு பின் வைத்துவிடுவான். புது எண்ணைப் போட்டதும் திரை பின் கேட்கும். அது தெரியாது. அப்போது ஏழு நாள் காத்திருந்துதான் நுழைய முடியும். அவனும் உள்ளே இல்லை, இவரும் உள்ளே இல்லை. வியாபாரிக்கு ஏழு நாள் ஷட்டரை இறக்கிவிட்ட மாதிரி.

ஆகையால் பின்னை முதலிலேயே தான் வைத்துவிட வேண்டும். செட்டிங்ஸில் அக்கவுண்ட், அதில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன். 2017-ல் இருந்து இருக்கிற வசதி. இரண்டு நிமிட வேலை. பிறந்த தேதியை வைக்கக் கூடாது, கடை போன் நம்பரின் கடைசி ஆறு இலக்கத்தையும் வைக்கக் கூடாது. திருடன் முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான். பின் இருந்தால், ஆறு எண்ணை ஏமாந்து சொல்லியிருந்தாலும் திருடன் இரண்டாவது பூட்டில் முட்டிக்கொண்டு நிற்பான். சொந்தமான, திறக்கத் தெரிந்த ஓர் இ-மெயிலையும் சேர்த்துவிட வேண்டும். "லிங்க்டு டிவைசஸ்" என்ற இடத்தில் தெரியாத கம்ப்யூட்டர் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்து, இருந்தால் கழற்றிவிட வேண்டும்.

கணக்கு பறிபோனால் பழைய பேச்சு எல்லாம் திருடன் கண்ணில் படுமோ என்று பலர் நடுங்குகிறார்கள். சேதிகள் போனில்தான் இருக்கின்றன. அவன் போனில் தானாகத் தெரியாது. குரூப்புகளும் அதில் இருக்கும் ஆட்களும் தெரியும். அந்த ஆட்களுக்கு உடனே போன் போட்டு, "என் பேர்ல காசு கேட்டா கொடுக்காதீங்க" என்று சொல்லிவிட வேண்டும். யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், நேரத்தைக் கடத்தாமல் 1930-க்குப் போன் செய்ய வேண்டும். பணம் கை மாறி மாறிப் போவதற்குள் சொன்னால் பேங்கில் நிறுத்திவைக்க வழி உண்டு. மறுநாள் காலையில் பார்க்கலாம் என்றால் அதற்குள் பறந்திருக்கும்.

கவுண்டர் எங்கே?

இதுவரை சொன்னதெல்லாம் மக்கள் செய்ய வேண்டியது. கம்பெனி செய்ய வேண்டியது?

வாட்ஸ்அப்புக்கு இந்தியாவில் 53 கோடி பேர் இருப்பதாக 2021 பிப்ரவரியில் மத்திய அரசே கணக்குச் சொன்னது. 2014-ல் அதை வாங்க பேஸ்புக் பேசிய விலை 1,900 கோடி டாலர். இவ்வளவு பெரிய கடைக்கு, சாதாரண வாடிக்கையாளர் போன் போட்டுப் பேச ஒரு கவுண்டர் கிடையாது!

கரண்ட் போனால் மின்னகத்துக்குப் போன் போடலாம். 2021-ல் இருந்து 9498794987 என்று ஒரே நம்பர். வைகிறவர்கள் வைகிறார்கள், ஆனால் அந்தப் பக்கம் ஒரு மனிதர் எடுத்துத் தமிழில் பதில் சொல்கிறார். கேஸ் வரவில்லை என்றால் ஏஜென்சியில் போய் நிற்கலாம். வாட்ஸ்அப் போனால் எங்கே போய் நிற்பது? மொபைல் கடைத் தம்பியிடம்தான். அவன் நல்லவனாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு!

சட்டம் இல்லாமல் இல்லை. 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இந்தப் பெரிய கம்பெனிகள் இந்தியாவில் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை வைக்க வேண்டும். புகார் வந்த 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். 7 நாளில் தீர்க்க வேண்டும். அதில் திருப்தி இல்லை என்றால், 2023-ல் மத்திய அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழுக்களுக்குப் போகலாம். அவர்களுக்கு 30 நாள்.

கணக்குப் பார்த்தால் 7-ம் 30-ம் 37 நாள். ஆபாசப் படத்தைப் பற்றியோ பொய்ச் செய்தியைப் பற்றியோ தீர விசாரிக்க நாள் வேண்டும் என்றால் ஒப்புக்கொள்ளலாம். தன் கடைக் கதவு தன்னைப் பார்த்தே சாத்திக்கொண்டது என்று ஒருவர் வந்து நிற்கும்போது, அதற்கும் அதே 7 நாளா? மேல்முறையீடும் இன்டர்நெட்டில்தான் செய்ய வேண்டும். சைபர் கிரைம் தளத்தில் புகாரைப் பதியப் போனால் அங்கேயும், "உங்கள் செல்போனுக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம்" என்கிறது! எண் வராதவர் எண் வரவில்லை என்று சொல்லவும் ஓர் எண் வர வேண்டும்.

கணக்கு பூட்டிக்கொண்ட புகார்களை மற்றப் புகார்களில் இருந்து பிரித்து, ஒரே நாளில் பதில் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசு விதியைத் திருத்த வேண்டும். தமிழில் பேசுகிற ஒரு டெலிபோன் நம்பரைக் கம்பெனி வைக்க வேண்டும். அந்த நம்பர் வாட்ஸ்அப்பின் முதல் திரையிலேயே, எண் கேட்கிற கட்டத்துக்குக் கீழேயே தெரிய வேண்டும். அப்போதுதான் இன்டர்நெட்டில் தேடிப் போய்த் திருடனிடம் யாரும் மாட்ட மாட்டார்கள். சிம் விற்கிற கம்பெனிகளும், அடுத்தவர் பெயரில் ஓடும் பழைய நம்பர்களை உபயோகிப்பவர் பெயருக்கு மாற்றிக்கொடுக்க, தெருத் தெருவாக முகாம் போடலாம். புது சிம் விற்க மட்டும் குடையும் மேஜையும் போடுகிறார்களே, அதே குடை போதும்.